அம்மா திருத்திய கதை



சொந்த வாழ்க்கையிலிருந்து சிறுகதை எழுதுவது பற்றிப் பேசுமாறு அமைப்புத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் இன்று நினைவுகூரும் தோழரும் இளைஞர்களைப் பார்த்தால் முதலில் "ஒங்க வீட்டுக் கதைய எழுதுங்க" என்றுதான் சொல்வார். எனக்கும் சொன்னார். எழுதினேன். முதல் கதையிலேயே பெரிய தவறு செய்தேன். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு ஏழு வயதிருக்கும். எங்கள் ஊர்த்தெருவில் ஒரு பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணம். அம்மா இரண்டு நாள் அங்கே பாத்திரம் துலக்கி, சாணி அள்ளி, பந்தல் கூட்டி வேலை செய்தார். இரண்டாம் நாள் இரவு கொல்லைப்புறத்தில் குண்டானை நீட்டிக்கொண்டு நின்றார். மிஞ்சிய சோற்றை மேலேயிருந்து கொட்டினார்கள். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இருபது வருடம் கழித்து இதைக் கதையாக்கினேன். குனிந்த தலையோடு அம்மா காலனிக்குத் திரும்பி நடப்பதோடு கதை முடியும். ஒரு சிற்றிதழில் வந்தது. படித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் தங்கை படித்துக் காட்டினாள். முழுவதும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது இதுதான்: "நான் சோத்துக்கு வேல செஞ்சேன்னு எழுதிட்டியேடி. நான் கூலிக்கு வேல செஞ்சவ. மறுநாள் என்னா நடந்துச்சின்னு தெரியுமா ஒனக்கு?"

மறுநாள் காலையில் அம்மா கூலி கேட்டுப் போயிருக்கிறார். "அதான் சோறு குடுத்தாச்சே" என்றார்களாம். அம்மா காலிக் குண்டானை அவர்கள் வாசற்படியில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் போகவும் வரவுமாக இருந்த வாசல். உச்சிவெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. காசை எண்ணிக் கொடுத்த பிறகுதான் வந்தார்.

"அன்னிக்கிதான் நீ பசியில அழுது அழுது திண்ணையிலயே தூங்கிப்புட்ட" என்றார். அந்தப் பசி எனக்கு நன்றாக நினைவிருந்தது. நேரத்துக்கு வராத அம்மாமேல் வந்த கோபமும் நினைவிருந்தது. அவர் ஏன் வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.

நண்பர்களே, அனுபவத்திலிருந்து எழுதுவதில் உள்ள முதல் சிக்கல் இதுதான். நம் அனுபவம் என்று நாம் நினைப்பது, நாம் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது மட்டுமே. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொல்லைப்புறம் தெரிந்தது, வாசற்படி தெரியவில்லை. ஆகவே எழுதுவதற்குமுன் வீட்டில் கேளுங்கள். அம்மாவிடம், அத்தையிடம், பாட்டியிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அந்த வித்தியாசத்தில்தான் பெரும்பாலும் கதை இருக்கிறது.

நான் சமூகவியல் படித்தவள். முதுகலையில் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்திருக்கிறேன். என் அம்மா போன்றவர்களை 'தொழில்: விவசாயக் கூலி' என்ற கட்டத்துக்குள் எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கு அவசியம். கூலி உயர்வு கேட்கவும், நிலம் கேட்கவும், திட்டங்களில் பங்கு கேட்கவும் அது வேண்டும். ஆனால் வாசற்படியில் உட்கார்ந்த அந்த அரைநாளை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. சிறுகதையில் இடம் உண்டு. என் முதல் கதையோ படிவம் செய்ததையே செய்தது. அம்மாவை ஒரு பாவப்பட்ட கூலிக்காரியாக மட்டும் காட்டிவிட்டது. படிப்பவர் பரிதாபப்படுவதற்காக நம் வீட்டு மனிதர்களைக் குனிய வைத்துவிடக் கூடாது.

அடுத்தது, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி. ஒரு வாழ்க்கை முழுவதையும் சிறுகதைக்குள் அடக்க முடியாது. இதற்கு நான் மாணவர்களுக்குக் காட்டும் உதாரணம் கதை அல்ல, பாபாசாகேப் அம்பேத்கரின் நினைவுக் குறிப்பு. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தலைப்பில் 1990இல் மக்கள் கல்விக் கழகம் அதைச் சிறு நூலாக வெளியிட்டது. 1901இல் சிறுவன் பீமராவ், கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க சாத்தாராவிலிருந்து அண்ணனோடும் உறவுப் பிள்ளையோடும் புறப்படுகிறார். புதுத்துணி, ரயில் பயணம், எல்லாம் சந்தோஷம். மசூர் ரயில் நிலையத்தில் அழைத்துப் போக யாரும் வரவில்லை. அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறார். இரண்டு மடங்கு வாடகை தர ஒத்துக்கொண்ட பிறகே ஒரு வண்டிக்காரர் சம்மதிக்கிறார். அதுவும் பிள்ளைகளே மாட்டுவண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். வழியில் கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பசியோடு படுக்கிறார்கள்.

தீண்டாமை என்றால் என்ன என்று அவர் அங்கே இலக்கணம் சொல்லவில்லை. சோறு இருந்தும் தண்ணீர் இல்லாததால் சாப்பிட முடியவில்லை என்று காட்டுகிறார், அவ்வளவுதான். ஒரு பயணம், ஒரு இரவு, ஒரு தண்ணீர். காசு கொடுத்தாலும் சாதி விலகாது என்பதையும், தொடமாட்டேன் என்பவருக்கும் நம் காசு தீட்டில்லை என்பதையும் அந்த வண்டி வாடகை சொல்லிவிடுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொருள் இருக்கும். டீக்கடைத் தனிக்குவளை, ரேஷன் அட்டை, அடகு வைத்த தோடு, அண்ணனின் ஒரே பேன்ட். அதைப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

மூன்றாவது, மொழி. அம்மாவின் பேச்சை அவர் பேசியபடியே எழுதுங்கள். என் கதையில் இருந்த 'குண்டான்' என்ற சொல்லைப் 'பாத்திரம்' என்று மாற்றலாமா என்று கேட்டார்கள். நான் மறுத்தேன். பாத்திரம் யார் வீட்டிலும் இருக்கும். குண்டானை நீட்டிக்கொண்டு நிற்பவர் யாரென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது தன் தெருவின் பேச்சிலேயே எழுதினார். அந்தத் தமிழில் இலக்கியம் வருமா என்று கேட்டவர்களுக்கு அந்த நூலே பதிலாக இருந்தது. 1996இல் வந்த அவருடைய 'கிசும்புக்காரன்' கதைகளையும் படியுங்கள். ஆண்டைகளையே கேலி செய்து மடக்கும் வாய்த்துடுக்கு அவற்றில் இருக்கிறது. நம் வீடுகளில் அழுகை மட்டுமா இருந்தது? சிரிப்பையும் கிண்டலையும் விட்டுவிட்டால் பாதிக் குடும்பத்தை விட்டுவிட்டதாகவே அர்த்தம்.

நான்காவது, மிகவும் சிரமமானது. நம் வீட்டுக்குள் நடக்கும் தவறுகளை எழுதலாமா? குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவை எழுதினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் பாமாவின் 'சங்கதி' 1994இல் நம் பெண்கள் வெளியிலும் வீட்டிலும் படும் இரண்டு அடியையும் சேர்த்தே சொன்னது. அதே ஆண்டு வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' காலனிக்கே துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் வழியாக, நமக்குள்ளும் ஒரு மேல்கீழ் இருப்பதைக் காட்டியது. கடுமையான விவாதம் வந்தது. வரட்டும். நமக்குள் இருப்பதை நாம் பேசாமல் சாதியை ஒழிப்பது பற்றிப் பேச முடியாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அடித்த அப்பாவை எழுதும்போது, அன்று பகலில் அவரை யார் எப்படி நடத்தினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடித்ததை மன்னிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முழு மனிதராக எழுதுவதற்காகச் சொல்கிறேன்.

எழுதியதற்கு விலையும் உண்டு. 'கருக்கு' வந்தபோது ஊரில் சிலர் கோபப்பட்டதால் பாமா சில மாதங்கள் ஊருக்குப் போக முடியவில்லை. பிறகு இளைஞர்கள் படித்து மற்றவர்களுக்கு விளக்கினார்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், கிராமத்தில் அடையாளம் பெயரில் மட்டும் இல்லை. இரண்டு பேரை ஒருவராக்கலாம். ஊரை, வயதை, உறவை மாற்றலாம். கதை என்பதால் அந்தச் சுதந்திரம் நமக்கு இருக்கிறது. மாற்றக் கூடாதது ஒன்று: யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எங்கே நின்றார்கள், என்ன கூலி, யார் கொடுத்தார்கள். அங்கே கை வைத்தால் கதை பொய்யாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா தன் வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் "இத எழுதாத" என்றார். நல்ல கதை அது. இருபது வருடமாக எழுதவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அது அவருடையது. நம்மைக் கேட்காமலே நம்மைப் பற்றி எழுதியவர்கள்மேல் நமக்குக் கோபம் உண்டு. அதே வேலையை நம் வீட்டில் நாம் செய்யலாகாது.

முதல் கதையைத் திருப்பி எழுதினேன். இந்த முறை திண்ணையில் பசியோடு காத்திருக்கும் பிள்ளையிடமிருந்து கதை தொடங்கியது. கடைசியில் அம்மா வந்து முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். அதில் பன்னிரண்டு ரூபாய் இருக்கிறது. நாளுக்கு ஆறு ரூபாய் என்று நானே கணக்குப் போட்டு எழுதியிருந்தேன். இதையும் தங்கை படித்துக் காட்டினாள்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "இப்ப சரி. ஆனா பன்னெண்டு இல்ல, பதினொண்ணுதான் குடுத்தாங்க. ஒத்த ரூபா இன்னும் பாக்கி நிக்குது."

அந்த ஒரு ரூபாயைக் கதையில் சேர்த்தேன். நீங்களும் எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.