நரிப்படையில் ஒரு மனிதன்

விண்கலப் படை ஒன்று. அதன் தலைவன் நரி. கூடப் பறப்பவர்கள் ஒரு பறவை, ஒரு முயல், ஒரு தேரை. அவர்கள் எதிர்த்துப் போரிடுவது குரங்கு முகம் கொண்ட ஒரு விஞ்ஞானியை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1993 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஸ்டார் ஃபாக்ஸ்' என்ற வீடியோ கேமின் உலகம் இது. முறையே ஃபாக்ஸ் மெக்லவுட், ஃபால்கோ, பெப்பி, ஸ்லிப்பி என்ற இந்த நால்வரும் அடுத்தடுத்து வந்த கேம்களிலும் தோன்றினார்கள். அவர்களுடைய லைலாட் சூரிய மண்டலத்தில் மனிதர்கள் என்ற இனமே கிடையாது. ஆனால் இன்றைய கேம்களில் ஆடுபவர் தானே ஒரு மனிதப் பாத்திரத்தை உருவாக்கி, முகமும் முடியும் நிறமும் பெயரும் கொடுத்துக் களத்தில் இறக்குவது சாதாரணமாகிவிட்டது. அந்த வசதியை விலங்குகள் மட்டுமே வாழும் இந்த விண்வெளிக்குள்ளும் கொண்டுவரலாமா? கொண்டுவரலாம் என்பதே என் கருத்து. ஆனால் அந்த மனிதனை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கேம் எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் விலங்குகள் ஏன் வந்தன என்பது புரியும். நின்டெண்டோவின் தலைமையகம் கியோட்டோ நகரத்தில் இருக்கிறது. அதே நகரத்தில் இருக்கும் ஃபுஷிமி இனாரி ஆலயத்தில் நரி தெய்வத்தின் தூதுவன். மலைப்பாதை நெடுகச் சிவப்புத் தோரணவாயில்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். கேமை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவுக்கு நரித் தலைவனும், வளைவுகளுக்குள் புகுந்து பறக்கும் விண்கலமும் அங்கிருந்துதான் கிடைத்தன. பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர் தகாயா இமாமுரா. முப்பரிமாணக் காட்சியைச் சாத்தியமாக்கியது லண்டனைச் சேர்ந்த ஆர்கோநாட் என்ற சிறிய நிறுவனம். அன்றைய சூப்பர் நின்டெண்டோ இயந்திரத்துக்கு முப்பரிமாண வடிவங்களை வேகமாகக் கணக்கிடும் திறன் போதவில்லை. ஆகவே அந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே 'சூப்பர் எஃப்எக்ஸ்' என்ற தனிச் சில்லு ஒன்றைச் செய்து, கேம் அட்டைக்குள்ளேயே பொருத்தினார்கள். முக்கோணங்களையும் நாற்கோணங்களையும் ஒட்டவைத்தது போன்ற கலங்களும் கட்டடங்களும் திரையில் சீறிவந்தது அன்று பெரிய அதிசயம்.

ஆனால் அந்தச் சில்லு பெரும்பாலும் வரைந்தது கலங்களையும் கட்டடங்களையும்தான். ஆடுபவர் பெரும்பாலும் பார்ப்பது ஆர்விங் என்ற விண்கலத்தின் முதுகை. உள்ளே உட்கார்ந்திருக்கும் நரியை அல்ல. பாத்திரங்கள் நம் கண்ணில் படுவது திரையின் கீழே திடீரென்று திறக்கும் ஒரு சின்னச் சதுரத்தில். வானொலிச் செய்தி வரும்போது அதில் ஒரு முகம் தோன்றும், உளறல் போன்ற ஓர் ஒலி கேட்கும், இரண்டு வரி எழுத்து ஓடும், அவ்வளவுதான். மொத்தத் திரையே 256-க்கு 224 புள்ளிகள். அதில் ஒரு மூலைச் சதுரத்துக்குள், எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போது, பேசுவது யார் என்பது ஆடுபவருக்கு அரை நொடியில் தெரிந்தாக வேண்டும். முயலின் நீண்ட காது, பறவையின் அலகு, தேரையின் அகன்ற வாய் ஆகியவை அந்த வேலையைச் செய்தன. நான்கு மனித விமானிகளைத் தலைக்கவசத்தோடு அதே சதுரத்தில் வைத்திருந்தால் யார் யாரென்று குழம்பிப் போயிருப்போம்.

இது நம் ஊர்ப்பக்கத்துக்குப் புதிய விஷயமல்ல. பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து கட்டும்போது, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு நடிகரின் கண்ணும் மூக்கும் தெரிவதில்லை. கிரீடத்தின் உயரம், புஜக்கட்டையின் அகலம், துரியோதனனின் சிவப்பு அரிதாரம், கிருஷ்ணனின் பச்சை அரிதாரம் ஆகியவைதான் தெரியும். திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளிப்படும் கணத்திலேயே வந்தது யாரென்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். ஸ்டார் ஃபாக்ஸின் விலங்கு முகங்களும் இப்படிப்பட்ட அரிதாரம்தான். பாத்திரத்தின் குணத்தைத் தூரத்திலிருந்தே அறிவிக்கும் வடிவங்கள் அவை.

இப்போது பாத்திரம் உருவாக்கும் கருவிக்கு வருவோம். நாம் கண்ணைச் சற்றுப் பெரிதாக்கும்போதும் தாடையைக் குறுக்கும்போதும் கணினி புதிய முகத்தை வரைவதில்லை. கலைஞர்கள் முன்கூட்டியே செய்துவைத்த ஓர் அடிப்படை முகத்தின் புள்ளிகளை, அவர்கள் குறித்துவைத்த எல்லைகளுக்குள் நகர்த்துகிறது. அதன்மேல் தோல் நிறம், தழும்பு, மீசை என்று படங்களை அடுக்கடுக்காகப் போர்த்துகிறது. உள்ளே இருக்கும் எலும்புக்கூடு எல்லா முகங்களுக்கும் ஒன்றே என்பதால், ஒருமுறை செய்த சிரிப்பையும் கோபத்தையும் எந்த முகத்திலும் இயக்கலாம். அழகான நுட்பம்தான். ஆனால் அதன் பலன் தெரிய வேண்டுமென்றால் கேமரா முகத்தின் அருகே நிற்க வேண்டும். ஸ்டார் ஃபாக்ஸில் கேமரா கலத்தின் பின்னால் நிற்கிறது. ஒரு மணி நேரம் செலவழித்து மூக்கைச் செதுக்கினாலும், சண்டை நடுவே அந்தச் சின்னச் சதுரத்தில் அது யாருக்கும் தெரியாது. ஆகவே கருவியை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் வேலைக்காகாது. ஆடுபவர் உருவாக்கும் மனிதனுக்கு இங்கே அடையாளம் தரவேண்டியவை வேறு: கலத்தின் வடிவம், வண்ணம், சின்னம், வானொலியில் பேசும் பாங்கு, தோழர் ஆபத்தில் இருக்கும்போது அவர் எடுக்கும் முடிவு. முதல் கேமில், சுட்டு வீழ்த்தப்பட்ட தோழர் அந்த ஆட்டம் முடியும்வரை திரும்புவதில்லை. இப்படிப்பட்ட விதி இருக்கும் களத்தில் ஒருவருடைய நடத்தைதான் அவருடைய முகம்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கும் கூத்திலேயே விடை இருக்கிறது. கட்டியக்காரன் பாரதக் கதையின் பாத்திரம் அல்ல. அவன் அரசனோடு பேசுவான், பார்வையாளரோடும் பேசுவான், இன்றைய விலைவாசியைப் பற்றியும் பேசுவான். துரியோதனனின் சபையில் நம் ஊர்க்காரன் ஒருவன் நிற்கிறான் என்பதால் பாரதம் கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. காரணம், அவன் அர்ச்சுனனின் இடத்தைக் கேட்பதில்லை. ஆடுபவர் உருவாக்கும் மனிதனும் இப்படித்தான் வரவேண்டும். நால்வரில் ஒருவருக்குப் பதிலாக அல்ல, ஐந்தாவது கலத்தில். தந்தைக்காக நரி தீர்க்கும் பழியும் ஃபால்கோவின் கர்வமும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். அவற்றைப் பக்கத்தில் நின்று பார்ப்பவன், கேட்பவன், கேள்வி கேட்பவன் இந்த மனிதன்.

இது வெறும் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். விலங்குகள் நிறைந்த ஊரில் ஆடுபவர் ஒரே மனிதராகக் குடியேறும் 'அனிமல் கிராஸிங்' தொடரை அதே நின்டெண்டோ 2001-லேயே தொடங்கியது. ஊரின் கடைக்காரர், அண்டை வீட்டார் எல்லாரும் விலங்குகள். நாம் வந்து சேர்ந்த புதியவர். மனிதன் வந்ததால் அந்த ஊரின் இயல்பு குலையவில்லை, ஏனென்றால் கதை அவனை வந்தேறியாகவே வைத்திருக்கிறது. 2018 அக்டோபரில் யூபிசாஃப்டின் டொராண்டோ கிளை வெளியிட்ட 'ஸ்டார்லிங்க்' கேம் இதைத் திருப்பிப்போட்டுச் செய்தது. மனித விமானிகளும் வேற்றுலகவாசிகளும் இருக்கும் அந்த விண்வெளிக்கு, நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பில் மட்டும், ஃபாக்ஸும் அவன் படையும் விருந்தாளிகளாக வந்தார்கள். வுல்ஃப் என்ற எதிரியைத் தேடும் அவர்களுடைய வேலை தனியாக ஓடியது. அங்கிருந்த மனிதர்கள் ஆடுபவர் உருவாக்கியவர்கள் அல்ல, முன்பே எழுதப்பட்டவர்கள் என்பது உண்மை. ஆனாலும் நரியும் மனிதனும் ஒரே திரையில் நின்றால் காட்சி சிரிப்புக்கிடமாகிவிடும் என்ற பயம் தேவையற்றது என்று அந்தக் கேம் காட்டிவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, மனிதர் இல்லாததே இந்த உலகின் அழகு என்பது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நின்டெண்டோவே இந்த எல்லையைக் காத்திருக்கிறது. 1998-இல் வந்த 'எஃப்-ஜீரோ எக்ஸ்' பந்தய கேமில் ஜேம்ஸ் மெக்லவுட் என்ற மனித ஓட்டுநர் இருக்கிறார். ஃபாக்ஸின் தந்தையின் பெயர்தான் அவருக்கும். உடையும் அந்த நரிப்படையை நினைவூட்டும். மனித மெக்லவுடை வரைந்துவிட்டு, அவரை லைலாட்டுக்குள் விடாமல் வேறு கேமில் வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் ஒரு கட்டுப்பாடு தெரிகிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு காப்பது எதை? மெக்லவுட் என்ற பெயரும் தலைமையும் நரிக்கே உரியவை என்பதை. பெயரோ தலைமையோ கேட்காத ஒரு புதியவனுக்கு அந்தக் கதவைச் சாத்த வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு வாதம் நுட்பமானது. மனிதன் எதற்கு, ஆடுபவரே ஒரு விலங்கை உருவாக்கிக்கொள்ளட்டுமே என்பது. 2017-இல் வந்த 'சோனிக் ஃபோர்ஸஸ்' இதைத்தான் செய்தது. ஓநாய், முயல், பூனை, நாய், கரடி, பறவை, முள்ளெலி என்ற ஏழு இனங்களில் ஒன்றைத் தேர்ந்து உடையணிவித்துக் களமிறக்கலாம். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தனித்திறன். குழந்தைகளுக்கு அது பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டார் ஃபாக்ஸில் ஒரு முயல் ஏற்கனவே இருக்கிறது, அவர் மூத்தவர், அறிவுரை சொல்பவர். ஆடுபவர் இன்னொரு முயலைச் செய்தால் அந்தக் காதுகள் இனி பெப்பியை மட்டும் குறிக்காது. அரை நொடியில் ஆளை அறிவிக்கும் அந்தச் சதுரத்தின் ஒழுங்கு அங்கேதான் உடைகிறது. மனித முகமோ அந்த உலகில் வேறு யாருக்கும் இல்லாதது. மனிதர்களுக்குள் குழப்பம் தரும் அதே முகம், விலங்குகளுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும்போது தெளிவான அடையாளமாகிவிடுகிறது.

குரல் பற்றிய சிக்கலும் உண்டு. 1997-இல் வந்த 'ஸ்டார் ஃபாக்ஸ் 64' முதல் தோழர்கள் வாய்விட்டுப் பேசுகிறார்கள். ஆடுபவர் சூட்டும் பெயரை நடிகர் முன்கூட்டியே பதிவுசெய்துவைக்க முடியாது. 2019-இல் வந்த 'ஃபயர் எம்பிளம்: த்ரீ ஹவுசஸ்' நாயகப் பாத்திரத்தைப் பேராசிரியராக்கி, மற்ற பாத்திரங்களைப் பெரும்பாலும் அந்தப் பதவியாலேயே அழைக்கவைத்து இதைக் கடந்தது. ஐந்தாவது கலத்தின் விமானிக்கும் படையில் ஒரு பதவி கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், உருவாக்கும் உரிமை அற்பமானதல்ல என்பேன். அனிமல் கிராஸிங்கின் 2020 பதிப்பில் தோல் நிறத்தை ஆடுபவர் நேரடியாகவே தேர்ந்தெடுக்கலாம். கறுப்பு நிறப் பிள்ளை ஒருத்தி தன் நிறத்திலேயே ஒருவரைத் திரையில் பார்ப்பது பெரிய விஷயம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த்தாயின் சமையலறையை கேமாக்கி, அடுத்த ஆண்டு சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழ் முகமும் தமிழ்ப் பெயரும் இந்தக் கலைக்குள் இடம்பெறும் காலம் வந்துவிட்டது. அவை விண்வெளிக்கும் போகட்டும்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலைகளில் வேலை செய்துகொண்டே நிரல் எழுதக் கற்கும் இளைஞர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நின்டெண்டோவின் நரியை நீங்கள் எடுக்க முடியாது. அது அவர்களுடைய சொத்து. ஆனால் விலங்குகள் பறக்கும் ஒரு விண்வெளியை நீங்களே படைக்கலாம். உருவங்களைச் செய்ய பிளெண்டரும், கேமைக் கட்ட கோடோவும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023-இல் வந்த கோடோ 4 முதல், தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறாமல் திரையில் வருகின்றன. தொடங்கும்போது முகத்தைச் செதுக்கும் கருவியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஐந்தாவது கலத்தில் வருபவர் படையில் யார், அவரை மற்ற நால்வரும் என்னவென்று கூப்பிடுவார்கள் என்பதை முதலில் எழுதிவிடுங்கள்.