தன் கையால் நிறைத்த தோட்டா

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பந்தயமாகவும் மான் வேட்டையைப் பருவகால விநோதமாகவும் கொண்டவர்களில் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை எறிந்துவிடாமல், அவற்றில் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு, ரைபிள் தோட்டாக்களைத் தாமே நிறைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். சிக்கனம் இதற்கு ஒரு காரணம்தான். ஆயினும், தன் துப்பாக்கியின் சுபாவத்துக்கு இசைந்த தோட்டாவைத் தானே இயற்றிக்கொள்ளலாம் என்ற ஆசையே பெரும்பாலோரை மேஜை முன் உட்கார வைக்கிறது.

இப்பழக்கம் அந்நாட்டில் வேரூன்ற ஒரு துவாரமும் உதவி செய்தது. மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் இரு வகை உண்டு. ஆங்கிலேயரான பாக்ஸர் வகுத்த முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துவாரம் இருப்பதால், பழைய கேப்பை ஓர் ஊசியால் உள்ளிருந்து தள்ளிவிடலாம்; அமெரிக்கரான பெர்டனின் முறையிலோ துவாரங்கள் ஓரமாக அமைவதால் அது எளிதன்று. பாக்ஸரின் கேப்பு அமெரிக்காவிலும் பெர்டனின் கேப்பு ஐரோப்பாவிலும் நிலைபெற்றது சரித்திரத்தின் ஒரு வேடிக்கை.

கூட்டின் தர்மத்தை அறியாதவன் இத்தொழிலில் கைவைக்கலாகாது. மருந்து எரியும் அக்கணத்தில் பித்தளை விரிந்து, துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்புறம் கசியாதபடி அடைத்து, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளிவருகிறது. அதை மீண்டும் அச்சிலிட்டு அளவுக்கு அதிகமாக அமுக்கினால், அடுத்த வெடியில் கூடு நீளவாட்டில் இழுபட்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே அதன் சுவர் மெலிந்துகொண்டே போய், ஒருநாள் இரண்டாகப் பிரிந்துவிடும். புகழ்பெற்ற ‘முப்பது-நாட்-சிக்ஸ்’ தோட்டாவுக்கு விதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 ராத்தல். அவ்வழுத்தத்தில் பின்னோக்கிப் பாயும் வாயு, சுடுபவனின் முகத்தருகே வழி தேடும். ஆகவே அனுபவசாலிகள், நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டினுள் விட்டு உட்சுவரை மெதுவாகத் தடவிப் பார்ப்பார்கள். அடிக்கு மேலே கம்பி ஒரு பள்ளத்தில் இடறினால், அக்கூடு குப்பைக்கு உரியது.

மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடை. பிரசுரமான அட்டவணையில் கண்ட உச்ச அளவுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைவாகத் தொடங்கி, சிறிது சிறிதாக ஏறுவதே பொதுவான விதி. கூடு, கேப்பு, குண்டு ஆகியவற்றில் எதை மாற்றினாலும் மீண்டும் கீழிருந்தே தொடங்க வேண்டும். குறைத்தால் க்ஷேமம் என்று எண்ணி, மெதுவாக எரியும் மருந்தை அட்டவணைக்கும் கீழே குறைப்பதும் அபாயமே. கேப்பு தட்டையாவதும் அறையை மூடும் போல்ட் திறக்க முரண்டுவதும் மிகை அழுத்தத்தின் அறிகுறிகள். ஆனால் அவை தோன்றும்போது எல்லை கடந்தே இருக்கலாம். சிறிது கூடுதல் வேகத்துக்காக அவ்வெல்லையை நாடுவது வெறும் டம்பம் என்பது என் அபிப்பிராயம். அதை மான் அறியாது, இலக்குத்தாளும் அறியாது.

இலக்குத்தாள் அறிவது ஒற்றுமையை மட்டுமே. 100 கஜத்தில் ஐந்து குண்டுகளும் ஓர் அங்குலத்துக்குள் அடங்க வேண்டுமானால், ஐந்து கூடுகளும் ஒரே நீளமாய், ஐந்து கழுத்துகளும் குண்டை ஒரே இறுக்கமாய்ப் பிடித்து, ஐந்து குண்டுகளும் ஒரே ஆழத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அதற்காகக் கூடுகளை அளந்து, நீண்டதை வெட்டிச் சமன்செய்பவன், நீண்ட கழுத்து அறையில் நெருக்குண்டு அழுத்தம் ஏறும் ஆபத்தையும் அதே வேலையில் நீக்கிவிடுகிறான்.

ரைபிள் கூட்டில் மருந்தை இருமுறை கொட்டினால் பெரும்பாலும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வேறு மருந்தை மாற்றிக் கொட்டினால் அது காட்டிக்கொடுக்காது, ஏனெனில் விரைந்து எரிவதும் மெதுவாக எரிவதும் கண்ணுக்கு ஒரே கருமணிகளாய்த் தோன்றக்கூடும். எனவே மேஜைமேல் ஒரு சமயத்தில் ஒரே டப்பாதான் இருக்கலாம். மிஞ்சியதை உடனே அதன் சொந்த டப்பாவிலேயே திருப்பிக் கொட்ட வேண்டும். பெயர்ச்சீட்டு கிழிந்துபோன டப்பாவை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், ஊகத்தால் பயன்படுத்துவதில்லை. அம்மருந்தைத் தோட்டத்துப் புல்லில் மெல்லியதாகத் தூவிவிடுகிறார்கள், அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரமாகிறது.