குளிர்ந்த மலையிலும் உண்டு கொடிய வெயில்

சித்திரை பிறந்து சமவெளியில் வெயில் தகிக்கத் தொடங்கியதும், பள்ளி விடுமுறையை உத்தேசித்துக் குழந்தை குட்டிகளோடு உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் பிரயாணப்படுகிற குடும்பங்கள், மலைக்கு வந்து சேர்ந்ததும் குடையையும் தொப்பியையும் மறந்துவிடுகின்றன. காற்றில் குளிர்ச்சி இருக்கிறது, வெயிலும் உடம்புக்கு இதமாக இருக்கிறது. ஆகையால் இங்கே சூரியனுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று மனம் தானாகவே தீர்மானித்துக்கொள்கிறது. ஏரியில் படகு விட்டும் புல்வெளிகளில் திரிந்தும் சில நாட்களை ஆனந்தமாகக் கழித்து ஊர் திரும்புகையில், மூக்கும் கன்னமும் கறுத்து, சிலருக்குத் தோல் உரிந்தும் போயிருப்பதைக் கண்டு, பனிக்காற்றின் மேல் பழியைப் போடுகிறோம். அதில் பெரும்பங்கு சூரியன் செய்த காரியமே.

சூரிய ஒளியில் உஷ்ணத்தை உணர்த்துகிற பகுதி வேறு, சருமத்தைக் கருக்குகிற பகுதி வேறு. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூலறிஞர், பட்டகத்தின் வழியே ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது, அதில் வெப்பம் ஏறுவதைக் கண்டார். மறு ஆண்டே ஜெர்மனியில் யோஹான் ரிட்டர், அதற்கு நேர் எதிர்க் கோடியில், ஊதாவுக்கு அப்பாலுள்ள இருளில் வைத்த வெள்ளிக் குளோரைடு விரைந்து கறுத்துப் போவதைக் கண்டறிந்தார். அந்தப் புற ஊதாக் கிரணங்களே நம் சருமத்துக்கும் ஊறு செய்பவை. அவை உடலில் படும்போது சூடு தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள அபாயம்; நாம் வெயிலை அளப்பதெல்லாம் சூட்டைக்கொண்டு அல்லவா?

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் இக்கிரணங்களின் வலிமை நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு கூடுகிறது. அவற்றைத் தடுப்பதற்கு மேலே எஞ்சியிருக்கும் காற்று குறைவாக இருப்பதே காரணம். உதகையோ 2,200 மீட்டருக்கும் மேலானது. சூரியனை ஆராய்வதற்கென்றே 1901-இல் பணி தொடங்கிய ஆய்வுக்கூடத்துக்குக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது அங்குள்ள தெளிந்த ஆகாயத்தின் பொருட்டே. விஞ்ஞானிகளுக்கு உபகாரமான அத்தெளிவு, காப்பின்றி உலவுகிறவர்களின் சருமத்துக்கு உபகாரமாவதில்லை. போதாக்குறைக்குச் சித்திரை முதல் வாரத்தில் இம்மலைகளில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. மெல்லிய மேகமும் மூடுபனியும் காப்பாற்றிவிடும் என்று நம்புவதற்கில்லை. இக்கிரணங்களில் பெரும்பகுதி அவற்றினூடே வந்துவிடக்கூடியது.

நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்புக்கும் காரணமான மெலனின் என்னும் நிறமி, வெள்ளைத் தோலினருக்கு இல்லாத ஒரு பாதுகாப்பை நமக்கு அளித்திருக்கிறது என்பதும், சருமப் புற்றுநோய் நம்மவரிடையே அரிதாக இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம் என்பதும் மெய்தான். ஆயினும் அது குடையாகாது. முகத்தில் படரும் மங்கு வெயிலால் முற்றுகிறது. சுருக்கம் முன்கூட்டியே விழுகிறது. கண்ணில் புரை வளர்வதிலும் இக்கிரணங்களுக்குப் பங்குண்டு.

பரிகாரம் எளிது. அதை அறிய விரும்புவோர் நீலகிரிச் சரிவுகளில் தேயிலை பறிக்கும் பெண்களைக் கவனித்தால் போதும்: தலையில் துணி, புடவையின் மேல் முழுக்கைச் சட்டை. இதைவிடச் சிறந்த உபாயத்தை எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது என்றே நான் கருதுகிறேன். நெருக்கமாக நெய்த துணியாக இருப்பது அவசியம். வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற மெல்லிய வெள்ளைத் துணி, அதிலும் நனைந்துவிட்டால், காப்பது சொற்பமே. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரத்தில், அதாவது ஏறத்தாழக் காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரையில், மரநிழலையும் மண்டபத்தையும் நாடியிருந்து, காலையையும் மாலையையும் உலாவுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

துணி மறைக்காத இடங்களுக்கு சன்ஸ்கிரீன் களிம்பு உண்டு. அதன் மேல் அச்சிட்ட, காப்பின் வலிமையைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண் 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அந்த எண் தாராளமாகப் பூசினால் மட்டுமே செல்லுபடியாகும். நம்மவர் பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்ப்பதால் பாதிப் பலன் கூடக் கிட்டுவதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கியெடுத்து, வெளியே கிளம்புவதற்குக் கால்மணி முன்பே பூசி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும். வியர்த்தாலோ நனைந்தாலோ உடனே பூசுவது நலம். ஆறு மாதம் நிறையாத சிசுக்களுக்கு நிழலும் ஆடையுமே தக்க காப்பு, களிம்பு வேண்டாம்.

சருமப் புற்றுநோய் நம்மவரிடையே அரிதென்றாலும், நாட்பட்டும் ஆறாத புண்ணோ, வடிவமும் நிறமும் மாறிக்கொண்டு வரும் மச்சமோ உடம்பில் தென்பட்டால், வயதையும் நிறத்தையும் சாக்காகச் சொல்லித் தாமதிக்காமல் சரும மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.