சின்னப் பெட்டியில் பெரிய விளையாட்டு! கம்ப்யூட்டர் சாமான் வாங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்

காரைக்குடியில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. வளவில் ஏழெட்டு அட்டைப் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. நடுவில் பையன் உட்கார்ந்திருக்கிறான். கையில் திருப்புளி. முகத்தில் வியர்வை.

"என்னடா, இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டார் தகப்பனார்.

"அப்பச்சி... கார்டு பெட்டிக்குள்ளே போகமாட்டேன் என்கிறது."

"ஏன்?"

"ஒன்றரை அங்குலம் நீளம் அதிகம்."

தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. அது அவர் மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. விளையாட்டுக்கான கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் இப்போது தாங்களே சாமான் வாங்கிச் சேர்க்கிறார்கள். அதிலும் சின்னப் பெட்டி என்றால் ஆசை அதிகம். அந்த ஆசை வீணாகாமல் இருக்க என்ன செய்யவேண்டும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சின்னப் பெட்டி எதற்கு?

1973-ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் வந்தது. அதை வைப்பதற்கு ஒரு பெரிய அறையே தேவைப்பட்டது. இன்று அதைவிடப் பல மடங்கு வேகமான கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு பல்லவன் எக்ஸ்பிரசில் ஏறலாம்!

ஆம். காரைக்குடியிலிருந்து சென்னைக்கோ, கோவைக்கோ படிக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சின்னப் பெட்டி வசதியானது. விடுதி மேஜையின் ஒரு மூலை போதும். லீவுக்கு ஊர் வரும்போது கூடவே கொண்டு வரலாம்.

ஆனால் ஒரு விஷயம். சின்னது என்றால் மலிவு என்று நினைக்கக் கூடாது. அதே வேலையைச் செய்யும் சாமான், சிறிய அளவில் வாங்கினால் பெரும்பாலும் விலை கூடுதல். பெட்டி மேஜையை விட்டு நகரப் போவதே இல்லையா? அப்படியானால் நடுத்தரப் பெட்டியே போதும். பணம் மிச்சமாகும். கோடையிலும் கவலை குறையும்.

எவ்வளவு சின்னது?

கம்ப்யூட்டர் பெட்டியைக் கடைக்காரர்கள் 'கேபினெட்' என்பார்கள். அதன் பருமனை லிட்டரில் சொல்வது வழக்கம். கணக்கு சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்குங்கள். 1,000-ஆல் வகுங்கள்.

36 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் உள்ள கேபினெட் 15.3 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். கேனைவிடச் சிறிய பெட்டிக்குள் எல்லாச் சாமானும் அடங்க வேண்டும்! வழக்கமான பெரிய கேபினெட் 40 லிட்டருக்கு மேல் இருக்கும்.

டிபன் காரியரை நினைத்துப் பாருங்கள். ஒரு அடுக்கு சற்றுப் பெரிதானாலும் மூடி பொருந்தாது. சின்னக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதனால் எதை முதலில் தேர்ந்தெடுப்பது என்பது மிக முக்கியம்.

முதலில் கார்டும் கேபினெட்டும்!

விளையாட்டுப் படங்களைத் திரையில் வரைவது கிராபிக்ஸ் கார்டு. உள்ளே இருப்பதில் பெரிய சாமான் பெரும்பாலும் இதுதான். பெரும்பாலும் விலை கூடியதும் இதுதான். சில கார்டுகள் 17 செ.மீ. நீளம். சில 30 செ.மீ.க்கும் மேலே. ஒரே பெயருள்ள கார்டைப் பல கம்பெனிகள் பல அளவில் செய்கின்றன. ஒன்றில் ஒரு விசிறி இருக்கும். இன்னொன்றில் மூன்று இருக்கும். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஆகவே கார்டையும் கேபினெட்டையும் ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள். மூன்று அளவு பார்க்க வேண்டும்.

நீளம் பார்க்க வேண்டும். கனம் பார்க்க வேண்டும். அகலமும் பார்க்க வேண்டும். அகலத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்டின் விளிம்பில் மின்சார வயர் செருகுவார்கள். அந்த வயர் வளைவதற்கு 2 அல்லது 3 செ.மீ. இடம் வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியின் கதவு மூடாது. அழுத்தி மூடினால் வயருக்கு ஆபத்து!

அடுத்து மதர்போர்டு

எல்லாச் சாமானையும் தாங்கும் பலகை மதர்போர்டு. சின்னப் பெட்டிக்கு உரியது 'மினி ஐ.டி.எக்ஸ்.' என்ற அளவு. 17 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம். 2001-ல் தைவான் நாட்டு 'வியா' கம்பெனி கொண்டுவந்த அளவு இது. பெரிய பலகை 30.5 செ.மீ.க்கு 24.4 செ.மீ. இருக்கும்.

சின்னப் பலகையில் கார்டு செருக ஒரே ஒரு இடம்தான். ரேம் என்னும் நினைவுத் தகட்டுக்கு வழக்கமாக இரண்டே இடம். முதலில் ஒன்று வாங்கிப் பிறகு மூன்று சேர்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 16 ஜி.பி. வேண்டுமானால் 8 ஜி.பி. தகடு இரண்டு வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் வேகம் கூடும். 2025-ஆம் ஆண்டின் கடைசியில் உலகம் முழுவதும் நினைவுத் தகடுகளின் விலை வெகுவாக ஏறியது. பழைய விலையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். வாங்கும் நாளின் விலையைக் கேளுங்கள்.

பலகைக்கு ஏற்ற பிராசசர் வேண்டும். அதுதான் கம்ப்யூட்டரின் மூளை. பிராசசரும் பலகையும் பொருந்துமா என்று கேட்காமல் வாங்கவே கூடாது. ஒரு கம்பெனியின் மூளை இன்னொரு கம்பெனிக்கான பலகையில் உட்காராது. ஒரே கம்பெனியிலும் பழைய பலகையில் புதிய மூளை உட்காராமல் போகலாம்.

மின்சாரக் கணக்கு

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது பவர் சப்ளை. சின்னப் பெட்டிக்கு 'எஸ்.எப்.எக்ஸ்.' என்ற சிறிய அளவு கிடைக்கிறது. 12.5 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம், 6.35 செ.மீ. உயரம். ஏறக்குறைய ஒரு சின்னச் சாப்பாட்டு டப்பா!

எத்தனை வாட் வாங்குவது? ஒரு கணக்குப் போடுவோம். 2023-ல் வெளிவந்த இரண்டு சாமான்களை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

ரைசன் 5 7600 என்ற பிராசசர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற கார்டு 115 வாட். மற்றச் சாமான்களுக்கு 50 வாட் என்று வையுங்கள். ஆக 253 வாட்.

அப்படியானால் 300 வாட் போதுமா? போதாது. கார்டு சில நொடிகளில் திடீரென்று அதிகம் இழுக்கும். அந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று அதைச் செய்த என்விடியா கம்பெனியே சொல்கிறது. இந்த ஒரு சாமானில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மட்டமான பவர் சப்ளை கெட்டால், தான் மட்டும் போகாது. கூட இருக்கும் விலை உயர்ந்த சாமான்களையும் கெடுத்துவிடக் கூடும்!

ஆயிரம் ஜன்னல் வீடு சொல்லும் பாடம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அது சூடு.

கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 250 வாட் இழுத்தால் 250 வாட் சூடு. 100 வாட் குண்டு பல்பு இரண்டரையை ஒரு சின்னப் பெட்டிக்குள் எரியவிட்டது போல! சூட்டை வெளியேற்றாவிட்டால் என்ன ஆகும்? பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கித் திணறும்.

இதற்கு வழி செட்டிநாட்டு வீடுகளிலேயே இருக்கிறது. முகப்பில் நின்று பாருங்கள். வாசலுக்கு நேர் வாசல். பின்கட்டு வரை தெரியும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று மேலே போய்விடும். காரைக்குடியின் 'ஆயிரம் ஜன்னல் வீடு' ஜன்னலுக்கே பேர் போனது.

கேபினெட்டும் அப்படி இருக்க வேண்டும். பக்கங்களில் சல்லடை போன்ற கதவு. குளிர்ந்த காற்று கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் நுழைய வேண்டும். சூடான காற்று மேலே வெளியேற வேண்டும். பளபளக்கும் கண்ணாடிக் கதவு பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பக்கம் காற்று நுழையாது. ஜன்னல் இல்லாத வீட்டில் சித்திரை மாதம் குடியிருக்க முடியுமா?

பிராசசரின் தலையில் உட்காரும் கூலருக்கும் உயரம் பாருங்கள். பெரிய கூலர்கள் 15, 16 செ.மீ. உயரம். சின்னப் பெட்டிக்குள் அவை போகா. 37 மி.மீ. உயரத்தில்கூடக் கூலர்கள் இருக்கின்றன. குட்டையான கூலருக்குப் பக்கத்தில் உயரமான நினைவுத் தகடு இடிக்கும். ஆகவே தகடும் குட்டையாக இருக்கட்டும்.

அவர்கள் ஊர் வேறு, நம் ஊர் வேறு!

வெளிநாட்டுக்காரர்கள் சாமான்களைச் சோதித்துப் பார்த்துச் சூட்டுக் கணக்கை வெளியிடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனை நடந்த அறையின் சூடு எவ்வளவு? பெரும்பாலும் 20 டிகிரி, 22 டிகிரி!

அறையில் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உள்ளேயும் ஏறும். 22 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டிய பிராசசரை 38 டிகிரி அறைக்குக் கொண்டு வாருங்கள். 16 டிகிரி கூடி, 91 ஆகிவிடும். முன்னே சொன்ன ரைசன் பிராசசருக்கு எல்லை 95 டிகிரி. விளிம்பிலேயே நிற்கிறது!

அதனால் நம் ஊருக்குச் சாமான் வாங்கும்போது ஒரு படி குறைவாக மின்சாரம் இழுக்கும் பிராசசரையும் கார்டையும் வாங்குங்கள். வேகம் கொஞ்சம் குறையலாம். ஆனால் அக்கினி நட்சத்திரத்திலும் ஓடும்.

வாங்கும்போது கவனியுங்கள்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர் போனது. ஆனால் காரைக்குடியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். பொருந்தாத சாமானை மாற்ற ஒரு நடை போய்வருவது லேசான காரியமா? போவதற்கு முன்பே எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. போட்ட பில் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். தபாலில் வரவழைத்தால், உறையைப் பிரிக்கும்போதே செல்போனில் படம் பிடித்து வையுங்கள். உடைந்து வந்திருந்தால் அதுதான் சாட்சி.

யு.பி.எஸ். வாங்குவோர் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 600 வி.ஏ. என்று எழுதியிருந்தால் அது 600 வாட் இல்லை. பெரும்பாலும் 360 வாட்தான் தரும். சுவரில் மூன்று ஓட்டை உள்ள பிளக்கும், சரியான எர்த்தும் அவசியம். மாதம் ஒரு முறை சல்லடையில் படியும் தூசியைத் துடையுங்கள்.

அந்த வீட்டில் மறுபடியும்...

தொடக்கத்தில் பார்த்த காட்சியை இப்போது மாற்றிப் பார்ப்போம். அட்டைப் பெட்டி ஒன்றுகூட இன்னும் வரவில்லை. பையன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான்.

"அப்பச்சி, கார்டு 24 செ.மீ. கேபினெட்டில் 30 செ.மீ. இடம் இருக்கிறது."

"கனம் பார்த்தாயா?"

"பார்த்தேன். பொருந்தும்."

"வயருக்கு இடம்?"

பையன் விழித்தான். அகலத்தை அவன் எழுதவில்லை!

அடுப்படியிலிருந்து தாயார் வந்தார். கையில் தையல் நாடா.

"பீரோ வாங்கும்போது வாசலை அளந்துதானே வாங்கினோம்? இதையும் அளந்து எழுதடா" என்றார்.

"சரி ஆத்தா" என்று பையன் நாடாவை வாங்கிக்கொண்டான்.

கடைக்குப் போவது ஒரு வாரம் தள்ளிப் போனது. அதனால் என்ன? சீட்டுப் பணம் பத்திரமாக இருக்கிறது. வரப்போகும் சாமான் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்காரும்.