இராமானுசன் அட்டவணையில் விடுபட்ட எண்

6,746,328,388,800 என்னும் எண், மலேசிய வழக்கில் ஆறே முக்கால் டிரில்லியனுக்குச் சற்றுக் குறைவு. மரபுத் தமிழில் அதனை ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு எனப் படிப்போம். சீனிவாச இராமானுசன் 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரையின் அட்டவணை இவ்வெண்ணோடு முடிகிறது.

உயர் பகு எண் என்பது யாது? தன்னினும் சிறிய எண் எதனைக் காட்டிலும் மிகுதியான வகுத்திகளை உடைய எண்ணே அது. 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் நான்கு வகுத்திகளுக்கு மேல் இல்லை. ஆகவே 12 ஓர் உயர் பகு எண்.

வகுத்திகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டுவதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும். 12 = 2² × 3¹; ஆதலின் 3 × 2 = 6. நாம் எடுத்துக்கொண்ட பேரெண்ணோ,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

அதன் வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

அடுக்குகளை நோக்குவோம்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. அவை எவ்விடத்தும் ஏறவில்லை. ஏன்? 18 = 2¹ × 3². இதற்கும் ஆறு வகுத்திகளே. பெரிய அடுக்கை 3இலிருந்து 2க்கு மாற்றினால், வகுத்திகள் குறையாமலே 18 என்பது 12 ஆகச் சிறுத்துவிடுகிறது. ஆகவே 18 உயர் பகு எண் ஆகாது. பேரெண்ணுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுசன், 1914இல் கேம்பிரிட்சு சென்றார். இவ்வாய்வே 1916இல் அவருக்கு அங்குப் பட்டம் பெற்றுத் தந்தது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உயர் பகு எண்களை அவர் கையாலேயே கணித்து வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் ஓர் எண் மட்டும் விடுபட்டது: 293,318,625,600. இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் அதுவே கிடைக்கும். அதன் வகுத்திகள் 5,040, அதாவது சரிபாதி.

இவ்விடுபாடு அவருடைய தேற்றங்களைச் சிறிதும் தாக்கவில்லை. தேற்றம் நிற்பது நிறுவலின் மேல், அட்டவணையின் மேலன்று. எனினும் மேதையின் அட்டவணையும் சரிபார்ப்புக்கு உட்பட்டதே என்பதை மாணவர் அறிதல் நன்று. பினாங்கின் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரும் எழுதுகோலும் தாளும் கொண்டு 5,040 என்னும் விடையைத் தாமே பெற முடியும். ஆசிரியர் பெருமக்கள் இராமானுசனின் பெருமையைக் கூறும்போது, இக்கணக்கையும் மாணவர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுதல் வேண்டும். பெயரைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் கணிதம் வகுப்பறைக்குள் வந்ததாகாது.