அப்புவின் சுருட்டும் 50,008 நெஞ்சுகளும்

நெளுக்குளத்தில் எந்தத் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் குந்தினாலும் இந்தக் கதை காதில் விழும்: “எங்கட அப்பு எண்பது வயசு மட்டும் சுருட்டுப் பத்தினவர். ஒரு இருமல் இல்லை! பக்கத்து வீட்டு அண்ணை நாப்பதிலேயே முட்டு வந்து மூச்சுக்கு அலையிறார்.”

இதே கதையை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், பின்கதவால் எட்டிப் பார்ப்போம்!

முதல் அறையில் ஒரே ஊதல் அமளி. ஸ்பைரோமீட்டர்க் குழாயை வாயில் வைத்து “ஊதுங்கோ, இன்னும் ஊதுங்கோ!” முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே பாய்கிறது என்பதுதான் கணக்கு. பிரித்தானியாவின் யூகே பயோபாங்க் என்ற ஆய்வில் 2006 முதல் 2010 வரை இப்படி ஐந்து இலட்சம் பேர் சேர்ந்தார்கள். அவர்களின் இரத்தம் மறை 80 பாகைக் குளிரில் உறங்குகிறது. குழாய்களை எடுத்துக் கொடுப்பது இயந்திரக் கை!

அடுத்த அறையில்தான் விளையாட்டே. லெஸ்டர், நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கூட்டத்தில் 50,008 பேரைப் பொறுக்கினார்கள். ஒரு பக்கம் கடும் புகைகாரர், மறுபக்கம் புகையைத் தொடாதவர். இரண்டிலும் ஊதலில் கடைசி, நடுத்தரம், முதலிடம். அப்புவைப் போன்றவர்களும் அண்ணையைப் போன்றவர்களும் ஒரே மேசையில்! ஒவ்வொருவரின் டிஎன்ஏயிலும் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களை ‘சிப்’ என்ற சில்லு வாசித்தது.

2015இல் முடிவு வந்தது. 17ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு எத்தனை பிரதியாக இருக்கிறது என்பதற்கும் நுரையீரலின் பலத்துக்கும் தொடர்பு இருந்தது. வியப்பு என்னவென்றால், புகைப்பவரிலும் புகைக்காதவரிலும் பெரும்பாலும் அதே பரம்பரையலகுகள்தான் வேலை செய்கின்றன. பிறப்பில் கிடைத்த நெஞ்சின்மேல்தான் புகை தன் பங்கைச் சுமத்துகிறது.

பழைய அலுமாரி ஒன்றையும் திறப்போமா? 1963, சுவீடனின் மால்மோ. லோரல், எரிக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இரத்தப் புரதப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 1,500 பேரில் ஐந்து பேருக்கு ஒரு பட்டையைக் காணவில்லை. அவர்களில் மூவருக்கு நுரையீரல் நோய்! காணாமற் போனது அல்ஃபா-1 அன்ரிட்ரிப்சின், நுரையீரலுக்குக் காவல் நிற்கும் புரதம். அது குறைந்தவர் புகைத்தால் நெஞ்சு இளமையிலேயே தளர்ந்துவிடும்.

இனி வாங்கிலுக்குத் திரும்புவோம். அப்புவிடமிருந்து பேரனுக்கு வருவது சராசரியாகக் கால்வாசிப் பரம்பரையலகுகள்தான். நல்ல ஊதல்காரரையும் மாரடைப்பும் புற்றுநோயும் விட்டுவைப்பதில்லை. ஆகவே தம்பி, அப்புவின் கதையைச் சொல்லுங்கோ; அவரின்ர சுருட்டை மட்டும் வாங்கிப் பத்தாதேங்கோ.