விந்தணு எங்கே போகிறது?



“ஆம்பளைக்கு ஆபரேஷன் செஞ்சிட்டா, ஊறுற விந்தணு வெளியே வர வழியில்லாம உள்ளேயே தேங்கி வீங்கிடாதா?” வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது. இந்தப் பயத்தால் கணவர் ஒதுங்கிக்கொள்ள, மனைவியே ஆபரேஷனுக்குப் போகிறார். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 100 தம்பதிகளில் சுமார் 38 பேர் வீட்டில் மனைவி ஆபரேஷன் செய்துகொண்டுள்ளார். கணவர் செய்துகொண்டது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

விதைக்குள் என்ன நடக்கிறது?

விதைக்குள் நூல் போன்ற குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அங்கே ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். அவற்றை ஊட்டி வளர்க்கும் தாதி போன்ற செல்களை 1865இல் இத்தாலி நாட்டு என்ரிகோ செர்டோலி விவரித்தார். அவர் பேராலேயே செர்டோலி செல் என்கிறோம்.

முளைப்பதெல்லாம் கதிராவதில்லை. வளரத் தொடங்கும் அணுக்களில் கணிசமானவை பாதியிலேயே மடியும். ஆபரேஷன் ஆகாத திடமான ஆளுக்கும் இது தினமும் நடப்பதுதான். மடியும் அணுவின் மேற்புறத்தில் ஓர் அடையாளம் தோன்றும். செர்டோலி செல் அதைக் கண்டு, அந்த அணுவை விழுங்கிச் செரித்து, தன் சக்திக்கே பயன்படுத்திக்கொள்ளும். பிடுங்கிய களையை அதே வயல் சேற்றில் மிதித்து எருவாக்குகிறோமே, அதுபோல.

ஆபரேஷனுக்குப் பிறகு?

விதையை எடுப்பதில்லை, விந்தணு வரும் குழாயை மட்டும் துண்டித்துக் கட்டுகிறார்கள். வெளியேற முடியாத விந்தணுக்கள், விதையை ஒட்டிய சுருள்குழாயிலேயே சிதைந்துபோகும். துப்புரவு செய்யும் வேறு செல்கள் அவற்றை விழுங்கிவிடும். சிலருக்குக் கொஞ்ச நாள் லேசான வலியோ கனமோ இருக்கலாம்.

ஆண்மை தரும் சுரப்புநீர் இந்தக் குழாய் வழியாகப் போவதில்லை. நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே ஆசை, பலம், மீசை எல்லாம் அப்படியே இருக்கும். விந்துநீரும் வரும், அதில் விந்தணு மட்டும் இருக்காது.

கவனியுங்கள்:

1. குழாயில் மிச்சமுள்ள விந்தணு தீர 3 மாதம் ஆகும். அதுவரை நிரோத் உபயோகியுங்கள். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துங்கள்.

2. ஒரு வாரம் சைக்கிள் மிதிக்க வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம். காய்ச்சல், சீழ், பெருவீக்கம் கண்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.

3. இது நிரந்தரமான முறை. இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் மனமொத்து முடிவு செய்யுங்கள். யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள்.